ஓ லெவல் வேதியியல்: பயிற்சித்தாளைத் திருத்துவதில்தான் மதிப்பெண்

சிங்கப்பூரில் உயர்நிலை 4இல் ஜூன் விடுமுறை முடிந்ததும் மேசையில் தாள்கள் குவியத் தொடங்கும். பல பள்ளிகளின் பிரிலிம் (ஓ லெவலுக்கு முந்தைய பள்ளித் தேர்வு) தாள்கள், புத்தகக் கடையில் வாங்கிய டென் இயர் சீரிஸ் என்ற பழைய ஓ லெவல் தாள்களின் தொகுப்பு, டியூஷனில் கொடுத்தவை. நாளுக்கொன்றாகச் செய்து தள்ளும் பிள்ளைக்கும் பி4 தரநிலை நகராமல் நிற்பதுண்டு. வாரத்துக்கு ஒரு முழுத்தாள் போதும்; எழுதிய நேரத்துக்குக் குறையாமல் திருத்தவும் உட்கார வேண்டும்.

தனி வேதியியலில் (பாட எண் 6092) முதல் தாள் 40 தெரிவுவிடைக் கேள்விகள், 1 மணி நேரம். இரண்டாம் தாள் 80 மதிப்பெண், 1 மணி 45 நிமிடம். அதாவது ஒரு மதிப்பெண்ணுக்கு ஏறத்தாழ 1.3 நிமிடம். 3 மதிப்பெண் கேள்வியில் 6 நிமிடம் போனால், ஓரத்தில் ஒரு குறி போட்டுவிட்டு நகருங்கள். வீட்டில் கடிகாரம் வைக்காமல் எழுதுவது வீட்டுப்பாடம்தான், பயிற்சித் தேர்வு ஆகாது.

திருத்தும்போது போன ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள்: பாடம் தெரியவில்லை, கணக்கில் ஒரு படி தவறிவிட்டது, தெரிந்தும் விடையை எழுதிய விதம் சரியில்லை. ‘கேர்லெஸ்’ என்ற காரணத்தை மட்டும் ஏற்காதீர்கள். ஒரே கேர்லெஸ் இரண்டு தாள்களில் வந்தால் அது பழக்கம்.

மோல் கணக்கு ஒன்றைப் பார்ப்போம். 2.4 கிராம் மெக்னீசியத்தை 50 கன சென்டிமீட்டர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போடுகிறோம். அமிலத்தின் செறிவு கன டெசிமீட்டருக்கு 2 மோல். அறை வெப்பநிலையில் எவ்வளவு ஹைட்ரஜன் கிடைக்கும்? மெக்னீசியம் 0.1 மோல். அமிலமும் 0.1 மோல்தான், ஆனால் 0.1 மோல் மெக்னீசியம் முழுதும் கரைய அமிலம் 0.2 மோல் வேண்டும். ஆக, அமிலமே லிமிட்டிங், அதாவது முதலில் தீர்ந்துபோவது. ஹைட்ரஜன் 0.05 மோல்; அறை வெப்பநிலையில் ஒரு மோல் வாயுவுக்கு 24 கன டெசிமீட்டர் என்பதால், 24ஆல் பெருக்கினால் 1.2 கன டெசிமீட்டர். மெக்னீசியத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டவருக்கு 2.4 வரும், அந்த 2.4 விடைத்தெரிவுகளில் காத்துக்கொண்டிருக்கும். முதல் தாளில் தவறான தெரிவுகள் சும்மா வருவதில்லை. தவறவிட்ட கேள்வியில் மற்ற மூன்று எண்களும் எந்தத் தவறிலிருந்து வந்தவை என்று தேடிப் பாருங்கள். நல்ல பயிற்சி அது.

அதிக மதிப்பெண் கசிவது ‘எக்ஸ்பிளெய்ன்’ கேள்விகளில். சோடியம் குளோரைடின் உருகுநிலை ஏன் அதிகம் என்றால், “பிணைப்பு வலிமையானது” என்பது அரைகுறை விடை. எதிரெதிர் மின்னேற்றம் கொண்ட அயனிகள், அவற்றுக்கிடையே வலிமையான நிலைமின் ஈர்ப்பு, அதை வெல்ல அதிக ஆற்றல் ஆகிய மூன்றும் விடையில் இருக்கவேண்டும். நீர் கொதிக்கும்போது கோவேலன்ட் பிணைப்பு உடைகிறது என்று எழுதுவது இன்னொரு நிரந்தரத் தவறு. மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன, அவ்வளவுதான்.

டென் இயர் சீரிஸ் புத்தகத்தின் பின்பக்க விடைகளைப் பதிப்பகத்தார்தான் தயாரிக்கிறார்கள், தேர்வு வாரியம் அல்ல. அங்கே ஒரு வரியில் முடிந்துவிடும் விடைக்குக் கேள்வியில் 3 மதிப்பெண் இருந்தால், விடுபட்டது என்ன என்று ஆசிரியரிடம் கேளுங்கள். 2023இல் பாடத்திட்டம் மாறியதால் அதற்கு முந்தைய தாள்களில் சில பகுதிகள் இப்போது பாடத்தில் இல்லை. தேர்வு வாரியத்தின் இணையத்தளத்தில் பாடத்திட்டம் இருக்கிறது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேவையில்லாதவற்றை அடித்துவிடுங்கள்.

செய்முறைத் தாளுக்கு 20 விழுக்காடு. அயனிகளைக் கண்டறியும் குறிப்புகளை அந்தத் தாளிலேயே தருவார்கள் என்று மனப்பாடம் செய்யாமல் விடுபவர்கள், அதே கேள்வி இரண்டாம் தாளில் வரும்போது மாட்டிக்கொள்கிறார்கள். அலுமினியம், துத்தநாகம் இரண்டும் சோடியம் ஹைட்ராக்சைடில் வெள்ளை வீழ்படிவு தந்து, மிகையாக ஊற்றினால் கரைந்துவிடும். பிரித்துக் காட்டுவது அம்மோனியா: மிகையான அம்மோனியாவில் துத்தநாகத்தின் வீழ்படிவு மட்டும் கரையும். துளித்துளியாக விடாமல் மொத்தமாக ஊற்றினால் வீழ்படிவு கண்ணில் படாமலேயே கரைந்துபோகலாம். எழுதும்போது ‘கிளியர்’ என்பதும் ‘கலர்லெஸ்’ என்பதும் ஒன்றல்ல. காப்பர் சல்ஃபேட் கரைசல் கிளியர்தான், ஆனால் நீலம். பியூரெட் அளவை 24.3 என்று விடாமல் 24.30 என்று இரண்டு தசம இடங்களுக்கு எழுதுங்கள்.