ஆட்டிசம் உள்ள மாணவர்களுக்குப் பிளஸ் டூ தேர்வு: படிப்பை விட ஒழுங்கில் போகும் மார்க்

ஆட்டிசம் உள்ள மாணவர்கள் பலருக்குப் பாடம் நன்றாகவே தெரியும். மார்க் போவது வேறு இடத்தில். எதை முதலில் எடுப்பது, எப்போது விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவது, நோட்டை எங்கே வைத்தோம் என்பதிலேயே பாதி நேரம் கரைந்துவிடும். வீட்டில் இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுவார்கள். அது தவறு, அநியாயமும்கூட. ஒரு வேலையைத் தொடங்குவதும், அதிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதும், நாலு விஷயங்களை ஒரே நேரத்தில் நினைவில் வைத்திருப்பதும் ஆட்டிசம் உள்ள பலருக்கு உண்மையிலேயே கடினம். அதனால் நினைவில் சுமப்பதைக் குறைத்து, முடிந்ததையெல்லாம் கண்ணெதிரே வைத்துவிடுங்கள்.

பாடத்துக்கு ஒன்றாக, உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் ஃபைல் வாங்குங்கள். புத்தகம், நோட்டு, பழைய வினாத்தாள் மூன்றும் அதற்குள் இருக்கட்டும். மேஜை மேல் ஒரு நேரத்தில் ஒரு ஃபைல்தான். டிராயர் வேண்டாம், உள்ளே போன பொருள் பலருக்கு மறந்தே போய்விடும்.

"6 முதல் 8 வரை கணக்கு" என்று எழுதும் டைம்டேபிள் சீக்கிரமே உடைந்துவிடும். எங்கே தொடங்குவது என்று அது சொல்லவில்லையே! அதற்குப் பதில் ஒரு துண்டுச் சீட்டில் கை செய்ய வேண்டிய முதல் வேலையை எழுதுங்கள்: "பயிற்சி 2.4, மூன்றாம் கணக்கு, கேள்வியை நோட்டில் எழுது." 25 நிமிடத்துக்கு ஓர் அலாரம். பாதியில் நிறுத்தச் சொன்னால் தவிப்பவர்கள், 20ஆவது நிமிடத்தில் இன்னொன்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சீட்டை எழுதிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும், திரும்பி வரும்போது யோசிக்க வேண்டியிராது. ஒரு நாள் விட்டுப்போனால் அதை மறுநாள் தலையில் ஏற்றாதீர்கள். அதற்கென்றே ஞாயிறு மதியத்தைக் காலியாக விடுங்கள்.

பலர் சிக்கிக்கொள்ளும் இடம் வினாத்தாள்தான். தமிழ்நாடு பிளஸ் டூவின் 90 மதிப்பெண் கணக்குத் தாளை எடுத்துக்கொள்வோம். 1 முதல் 20 வரை ஒரு மார்க். 21 முதல் 30 வரை இரண்டு மார்க், 31 முதல் 40 வரை மூன்று மார்க்; இரண்டிலும் ஏதேனும் ஏழு எழுத வேண்டும், ஆனால் 30ம் 40ம் கட்டாயம். 41 முதல் 47 வரை ஐந்து மார்க், ஒவ்வொன்றிலும் 'அல்லது' உண்டு. இந்த "ஏதேனும் ஏழு" சிலரை உறைய வைத்துவிடும். சிலர் பத்தையும் எழுதி நேரத்தை இழப்பார்கள், சிலர் கட்டாயக் கேள்வியையே விட்டுவிடுவார்கள். முடிவெடுக்கும் விதியை வீட்டிலேயே பழகுங்கள்: முதலில் 30, 40 எண்களைச் சுற்றி வட்டம்; பிறகு முதல் வரி எழுதத் தெரிந்தவற்றுக்கு வரிசையாக ஒரு புள்ளி; ஒவ்வொரு பகுதியிலும் ஆறு புள்ளி விழுந்ததும் நிறுத்தம். எது சிறந்தது என்று ஒப்பிடவே வேண்டாம். தேர்வு அறையில் 10 மணி முதல் 10.10 வரை வினாத்தாள் படிக்கத் தரும் நேரத்தை இப்படித் தேர்ந்தெடுக்கவே வைத்துக்கொள்ளுங்கள். பென்சிலோ பேனாவோ அப்போது தொடக்கூடாது என்று கண்காணிப்பாளர் சொன்னால், விரலால் தொட்டு எண்ணிக்கொள்ளுங்கள்.

எழுதும் நேரம் 180 நிமிடம். ஒரு மார்க் பகுதிக்கு 25, இரண்டு மார்க்குக்கு 30, மூன்று மார்க்குக்கு 45, ஐந்து மார்க்குக்கு 70. மீதி 10 சரிபார்க்க. ஒரு கணக்கு வராவிட்டால் பாதிப் பக்கம் இடம் விட்டு நகர்ந்துவிடுங்கள். அந்த வெற்றிடம் உறுத்தும். மாதிரித் தேர்வுகளில் வேண்டுமென்றே ஒன்றை விட்டுப் பழகினால்தான் அன்றைக்குக் கை நகரும்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளை மருத்துவச் சான்றிதழுடன் பள்ளி மூலமாகக் கேட்க வேண்டும். கல்வியாண்டின் தொடக்கத்திலேயே தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுத்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள். ஹால் டிக்கெட் வந்த பிறகு ஓடினால் பலன் இருக்காது. எழுதுபவர் கிடைத்தாலும் பழக்கம் வேண்டும். படத்தையும் சமன்பாட்டையும் வாயால் சொல்வது தனித் திறமை.

சத்தம் தாங்காதவர்கள் காதடைப்பான் வைக்கலாமா என்று முன்பே கேட்டு அனுமதி வாங்குங்கள். புதுச் சீருடை, புதுப் பேனா அன்றைக்கு வேண்டாம். தேர்வு முடிந்து வந்ததும் விடையைப் பேச உட்காராமல் அந்த ஃபைலை அலமாரியில் ஏற்றுங்கள். அடுத்த பாடத்தின் ஃபைலை மேஜையில் வைத்து, அதன் மேல் முதல் சீட்டை ஒட்டிவிட்டுத் தூங்கப் போங்கள்.