எந்தக் குடும்பம் என்று எழுதுவது?

பிச்சாவரத்துத் தில்லை மரங்களிலிருந்து என் எம்.எஸ்சி. மாணவி கொண்டுவந்த லைக்கன்களில் (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழ்பவை) ரொசெல்லா மாண்டாக்னியில் யாருக்கும் சந்தேகமில்லை. சாம்பல் நிறத்தில் நாடா நாடாகத் தொங்கும். ப்ளீச்சிங் பவுடர் கரைசலை ஒரு சொட்டு விட்டால் அந்த இடம் சிவந்துவிடும். அதற்குப் பெயர் வைத்த பெலாஞ்செர், 1820களில் நம்ம புதுச்சேரித் தாவரவியல் பூங்காவைக் கவனித்த பிரெஞ்சுக்காரர்.

சிக்கலைக் கிளப்பியது இன்னொரு லைக்கன். மரப்பட்டையோடு ஒட்டிய வெளிறிய படலம், மேலே பேனாவால் கிறுக்கியது போலக் கறுப்புக் கோடுகள். பார்த்ததும் கிராஃபிஸ் என்ற லைக்கன் பேரினம் என்று சொல்லத் தோன்றும். பாடப்புத்தகத்துப் படம் அப்படி. நகத்தால் கீறினால் உள்ளே ஆரஞ்சு தெரியும். அது ட்ரென்டிபோலியா என்ற பாசியின் நிறம். ஆனால் அந்தப் பாசி கிராஃபிஸிலும் உண்டு, ரொசெல்லாவிலும் உண்டு. பூஞ்சையைப் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது.

அவள் பார்த்தாள். ஒரு கறுப்புக் கோட்டைக் குறுக்கே பிளேடால் மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் வைத்து, அயோடின் விட்டு, பொறுமையாக. கிராஃபிஸ் ஸ்போரின், அதாவது பூஞ்சை வித்தின், உள்ளறைகள் லென்ஸ் வடிவில் இருக்கும். பெரும்பாலும் அயோடினில் நீல ஊதாவாக மாறும். இவள் கண்ட ஸ்போரில் அறைகள் கட்டம் கட்டமாக இருந்தன, சுற்றிலும் வழவழப்பான உறை, நிறம் மாறவில்லை. ஸ்போர்ப் பைக்கு இரட்டைச் சுவர். ஓபிகிராஃபா என்ற வேறு பேரினம் என்றாள். நானும் பார்த்தேன், அதுதான்.

அப்புறம்தான் குடும்பம். பழைய நூல்களில் ஓபிகிராஃபா, ரொசெல்லாவின் குடும்பமான ரொசெல்லேசியில் இருக்கும். தொங்குகிற ரொசெல்லாவும் ஒட்டிக்கிடக்கிற இதுவும் ஒரே குடும்பமா என்று மாணவர்கள் நம்ப மாட்டார்கள். ஆனால் தொங்குவதும் ஒட்டுவதும் உறவைச் சொல்லாது. இன்றைக்கும் ரொசெல்லேசியில் டைரினா மாதிரி ஒட்டியே கிடப்பவை உண்டு. 2010க்குப் பிறகு வந்த டிஎன்ஏ ஆய்வுகள் ஓபிகிராஃபாவைப் பிரித்து ஓபிகிராஃபேசியில் வைத்தன. அந்தப் பேரினத்தையே உடைத்துச் சில இனங்களை வேறு பேரினங்களுக்கு அனுப்பின.

"பழசையே எழுதிடட்டுமா சார்? எல்லாருக்கும் தெரிஞ்சது" என்று கேட்டாள்.

"புதுசை எழுதும்மா" என்றேன்.

வைவாவில் வெளித் தேர்வாளர் முதலில் இது கிராஃபிஸ்தானே என்றார். ஸ்போர் படத்தைக் காட்டினாள். சரி, அப்படியானால் ரொசெல்லேசி என்று எழுதியிருக்க வேண்டும் என்றார். அவள் விளக்க ஆரம்பித்ததும் ஆய்வேட்டை மூடிவிட்டார். அந்த இடத்தில் வழிகாட்டி வாய் திறப்பது முறையில்லை, இந்த வேலையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். மதிப்பெண் குறைந்தது.

மதிப்பெண்ணைப் பற்றி அவள் பேசவில்லை. "குடும்பம் மாறினா நான் பார்த்தது மாறிடுமா சார்?" என்று மட்டும் கேட்டாள். "மாறாதும்மா" என்றேன்.

ஆறுதலுக்காகச் சொன்னதில்லை. அந்த ஸ்போர் யார் எங்கே வைத்தாலும் அதே கட்டங்களோடுதான் இருக்கும். வகைப்பாடு நாளைக்கு மறுபடி மாறலாம். கவனமாக எழுதிய குறிப்பை வைத்து எவரும் அதைப் புதிய இடத்தில் வைத்துக்கொள்ளலாம். இதை இன்றும் நம்புகிறேன். அப்படி நம்புகிறவன் அவளைப் பழைய குடும்பத்தையே எழுத விட்டிருக்கலாமே என்று மனசு கேட்கிறது. பார்த்ததுதான் முக்கியம் என்றால் பெயருக்காக ஒரு பெண்ணின் மதிப்பெண்ணைப் பணயம் வைப்பானேன்? தெரிந்தே பழசை எழுதச் சொல்ல எனக்கு நாக்கு வராது என்பது வேறு விஷயம்.

இன்னொன்றும் உறுத்துகிறது. இரட்டைச் சுவரை அவள் தேடிப் பார்த்ததே வகைப்பாட்டு நூல் அதைப் பார்க்கச் சொன்னதால்தான். கிராஃபிஸ் என்று முடிவு கட்டியிருந்தால் அந்தக் கோட்டைச் சீவியே இருக்க மாட்டாள். அப்படியென்றால் குடும்பங்களைப் பிரிக்கிற விதம் மாறும்போது நாம் பார்ப்பதும் கொஞ்சம் மாறத்தானே செய்கிறது? "மாறாது" என்று அவ்வளவு உறுதியாகச் சொன்னேனே.

இந்த வருஷ மாணவர்களிடம் ஸ்போர், பை, அயோடின் குறிப்புகளை முதல் பக்கத்திலும் குடும்பத்தைக் கடைசியிலும் எழுதச் சொல்லியிருக்கிறேன். எந்தக் குடும்பம் என்று கேட்டால் புதுசைத்தான் சொல்கிறேன்.