சவலைக்குட்டியின் எடைக் கணக்கு

நவம்பர் 3, இரவு

மோட்டார் ரூமுக்குப் பின்னால் மூன்று பூனைக்குட்டிகள். தாய்ப்பூனை இரை தேடப் போனால் மூன்று நான்கு மணி நேரம்கூடத் திரும்பாது. காய்ந்த இடத்தில் வயிறு நிறைந்து சத்தமில்லாமல் சுருண்டு கிடக்கும் குட்டிகளைத் தூக்கிவிடக் கூடாது. இவை சாயங்காலத்திலிருந்து மழையில் ஊறி, கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய்க் கிடந்தன. எடுத்தாயிற்று.

கண் பாதி திறந்திருக்கிறது, காது மடல் இன்னும் நிமிரவில்லை. வயது பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். சமையலறைத் தராசில் கறுப்பு 184 கிராம், வரி 166, சவலை 118. இந்த வயதுக்கு 200-ஐ ஒட்டி நிற்க வேண்டும்.

முதலில் சூடு, பால் அப்புறம். சவலையின் ஆசனவாயில் தெர்மாமீட்டர் 33.6 டிகிரி காட்டுகிறது. 34.5-க்குக் கீழே குடல் அசையாது. ஊட்டிய பால் வயிற்றிலேயே கிடந்து புளித்து உப்பிவிடும். பசிக்கிறதே என்று பதறி உடனே பாலை ஊற்றுவதுதான் முதல் ராத்திரியில் நடக்கும் பெரிய தப்பு.

துணியால் ஒற்றி ஈரம் போக்கி அட்டைப்பெட்டியில் விட்டது. ஒரு லிட்டர் பாட்டிலில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர், மேலே பழைய வேட்டித்துணி இரண்டு சுற்று. பாட்டில் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும். மறுபாதி காலியாக இருந்தால்தான் சூடு மிஞ்சும்போது குட்டி ஊர்ந்து விலகும். கரண்ட் போனாலும் கவலையில்லாத இன்னொரு வழி, அரிசியை வாணலியில் சூடாக்கிப் பருத்திக் காலுறையில் கட்டி வைப்பது. முக்கால் மணி நேரம் தாங்கும். அவசரப்பட்டு ஹேர் டிரையரைக் காட்ட வேண்டாம். குளிர்ந்த உடம்பை ஒன்றிரண்டு மணி நேரத்தில் மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும்.

இடையில் சவலைக்கு மட்டும் 50 மி.லி. வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி குளுக்கோஸ் கரைத்து, விரலில் தொட்டு ஈறில் தடவியது. சர்க்கரை இறங்கிய குட்டி துணிபோலத் துவண்டு கிடக்கும். இது ஈறு வழியாகவே கொஞ்சம் ஏறும்.

10.40-க்கு 36.2. சுண்டுவிரல் நுனியை வாயில் வைத்தால் உறிஞ்சுகிறது. இனிமேல் ஊட்டலாம். முதல் முறை பாக்கெட்டில் சொன்ன அளவில் கரைத்த ஓ.ஆர்.எஸ். மட்டும், ஒவ்வொன்றுக்கும் 3 மி.லி.

நவம்பர் 4

பூனைக்குட்டிக்கான பால்பவுடர் வாங்கியாயிற்று. இந்த டின்னில் பவுடர் ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு. கட்டி நின்றால் பால்பாட்டில் ரப்பரின் துளையை அடைக்கும், அதனால் வடிகட்டுவது நல்லது. கலந்ததை ஃபிரிட்ஜில் ஒரு நாளைக்கு மேல் வைக்கக் கூடாது.

பசும்பால் ஏன் ஆகாது என்று கேட்காத வீடு இல்லை. பூனைப்பாலில் புரதம் பசும்பாலைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பசும்பாலில் குட்டி வயிறு நிறையும், உடம்பு ஏறாது, கூடவே கழிச்சல். பவுடர் கிடைக்காத ஒரு ராத்திரியை ஆட்டுப்பாலில் தள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம்.

அளவு: 100 கிராம் எடைக்கு ஒரு நாளைக்கு சுமார் 20 மி.லி., ஒரு வேளைக்கு அதே 100 கிராமுக்கு 4 மி.லி.க்கு மிகாமல். வரிக்கு 33 மி.லி., நாலு மணிக்கு ஒரு தரம் ஐந்தரை. சவலைக்கு 24 மி.லி., மூன்று மணிக்கு ஒரு தரம் 3. ராத்திரி 2 மணி வேளையையும் விட முடியாது.

குட்டி குப்புறப் படுத்திருக்க வேண்டும், தலை லேசாக நிமிர்ந்து. கைக்குழந்தைபோல மல்லாக்கப் போட்டால் பால் நுரையீரலுக்குப் போகும். பாலை மணிக்கட்டில் விட்டால் சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது. பாட்டிலைக் கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். ஒழுகினால் துளை பெரிது.

ஊட்டி முடிந்ததும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் பின்பக்கம் மெல்லத் தட்டித் தடவ வேண்டும். தாய் நக்கிவிடும் வேலை இது. மூன்று வாரம் ஆகும்வரை குட்டிக்குத் தானாக மூத்திரம் போகத் தெரியாது. மூத்திரம் வெளிர் நிறமாக இருந்தால் சரி. அடர் மஞ்சள் என்றால் உடம்பில் நீர் போதவில்லை.

நவம்பர் 6

வரியின் ஈறு வெளிறி, வெள்ளை வேட்டி நிறத்தில். கழுத்து மயிரைப் பிரித்தால் மிளகுத்தூள்போலக் கறுப்புப் பொடி. ஈரப்பஞ்சில் வைத்தால் செம்பழுப்பாகக் கரைகிறது. தெள்ளுப்பூச்சி குடித்துக் கழித்த ரத்தம் அது. 170 கிராம் குட்டியில் இருப்பதே பத்துப் பன்னிரண்டு மி.லி. ரத்தம்தான், முப்பது தெள்ளு போதும் சோகை பிடிக்க.

நாய்க்கு விற்கும் தெள்ளுப் பவுடர் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள பெர்மெத்ரின் பூனைக்கு விஷம். மண்ணெண்ணெயும் வேப்பெண்ணெயும்கூடக் கூடாது, குட்டி நக்கும். பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் ஒரு சொட்டு, வெந்நீர். முதலில் கழுத்தைச் சுற்றி நுரை வளையம் போட்டால் தெள்ளு முகத்துக்கு ஏறாது. பிறகு கழுத்துக்குக் கீழே மூன்று நிமிடம், அலசல், உடனே துவட்டி வெந்நீர் பாட்டில் பக்கம். முகத்துக்குச் சீப்பு மட்டும். சவலை இன்னும் சூடு நிலைக்காததால் அதற்குக் குளியல் இல்லை, ஈருளி வைத்து ஒவ்வொன்றாக எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போட்டது.

நவம்பர் 8

கறுப்பு மூக்கில் பால். நன்றாகக் குடிக்கிற குட்டிதான். அதனால்தான் சிரிஞ்சை வேகமாகத் தள்ளியாயிற்று. மூக்கில் நுரை வந்ததும் தலையைத் தாழ்த்தித் துடைத்தது, இருமல் நின்றது. சிரிஞ்சென்றால் ஒரு சொட்டு, ஒரு விழுங்கல், அடுத்த சொட்டு. குட்டி உறிஞ்சும் வேகம்தான் கணக்கு.

நவம்பர் 9

காலையில் கறுப்பு பால் தொடவில்லை. மூச்சு வாங்குகிறது, காதில் வைத்தால் நெஞ்சில் சொடசொடவென்று ஒலி. நுரையீரலில் பால் இறங்கினால் ஒன்றிரண்டு நாளில் இப்படிக் காட்டும். மருத்துவர் ஆன்டிபயாடிக் ஊசி போட்டார். ராத்திரி 11.15-க்குப் போய்விட்டது. எடை 207.

சிரிஞ்சுகளைத் தூக்கிப் போட்டாயிற்று. இனி பாட்டில்தான்.

நவம்பர் 11

சவலையின் இரண்டு கண்ணும் பீளை கட்டி ஒட்டிக்கொண்டன. பிய்க்கக் கூடாது. ஆறவைத்த உப்பு நீரில் பஞ்சை நனைத்து ஐந்து நிமிடம் வைத்தால் பீளை இளகும். மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே துடைப்பு, கண்ணுக்கு ஒரு பஞ்சு. திறந்ததும் உள்ளே தேங்கிய சீழ் வழிந்தது. மருத்துவர் தந்த களிம்பு ஒரு நாளைக்கு மூன்று வேளை.

மருந்துக்கடையில் வீட்டுக்கு வாங்கிய கண் சொட்டு மிச்சம் இருக்கும், அதைத் தொடக் கூடாது. பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். குட்டிகளுக்கு வரும் கண் நோயில் பெரும்பாலும் ஹெர்பஸ் வைரஸ் இருக்கும். அந்தப் புண்ணில் ஸ்டீராய்டு பட்டால் விழி ஓட்டையாகிவிடும். காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுப்பதும் அப்படித்தான், பூனையின் உயிரையே எடுக்கும்.

மூக்கும் அடைத்திருக்கிறது. குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு ஆவியில் பத்து நிமிடம் வைத்துத் துடைத்த பிறகுதான் பால் குடிக்கிறது. வாயில் ரப்பர் இருக்கும்போது மூச்சுக்கு மூக்குதானே வழி.

நவம்பர் 14

வரி 301. சவலை 203. ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து கிராம் ஏற வேண்டும். சவலை எட்டில் நிற்கிறது. ஏற்றம் குறைந்தால் பொறுத்துப் பார்க்கலாம், ஒரு நாள் இறங்கினால் மருத்துவரிடம் ஓட வேண்டும். எடையைத் தினமும் ஒரே நேரத்தில், ஊட்டுவதற்கு முன் எடுத்தால்தான் கணக்கு நிற்கும்.

குடற்பூச்சி மருந்து இன்று: பைரான்டல், கிலோவுக்கு 5 முதல் 10 மில்லிகிராம். இரண்டு வாரத்துக்கு ஒரு தரம், எட்டு வார வயது முடியும்வரை. கரைசலின் திடம் பாட்டிலுக்குப் பாட்டில் மாறும், மருத்துவரிடம் மி.லி. கணக்கில் எழுதி வாங்க வேண்டும்.

சவலை மலம் நேற்று வெள்ளைத் தயிர்க்கட்டிபோல. செரிக்கவில்லை. மேலும் மேலும் ஊட்டித் தேற்றப் பார்த்ததன் விளைவு. பாலைப் பாதிக்குப் பாதி ஓ.ஆர்.எஸ்.ஸில் கலந்து ஒரு நாள் கொடுத்ததும் கடுகு மஞ்சள் நிறத்துக்குத் திரும்பியது.

நவம்பர் 24

வரி ரப்பரைக் கடித்துத் துண்டாக்குகிறது. பல் வந்துவிட்டது. துண்டு வயிற்றுக்குப் போகும் முன் தட்டுக்கு மாற வேண்டும்: வேகவைத்த கோழிக்கறியை விழுதாக அரைத்துப் பால்பவுடர் கரைசலில் கஞ்சிப் பதம். உப்பு, வெங்காயம், பூண்டு கிடையாது. கறி பழக்கத்துக்குத்தான், ஒரு வாரத்தில் குட்டிப்பூனைக்கான டப்பா உணவுக்கு மாற்றிவிட வேண்டும். பால்சோறும் தயிர்சோறும் போட்டு வளர்த்தால் டாரின் என்கிற சத்து கிடைக்காது. பூனை உடம்பு அதைப் போதிய அளவு தானே தயாரிக்காது. நாளாவட்டத்தில் கண்பார்வையும் இதயமும் கெடும்.

மணல் தட்டு வைத்தது. கட்டியாகும் கடை மணலைக் குட்டி தின்றால் வயிற்றில் உறையும், சாதாரண ஆற்று மணல் போதும்.

டிசம்பர் 2

வரிக்கு நாற்றக் கழிச்சல், சளியும் ரத்தக் கீற்றும். 478-லிருந்து 455. சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மலப் பரிசோதனை: காக்சிடியா என்கிற குடல் ஒட்டுண்ணி. டோல்ட்ராசூரில் என்கிற மருந்து கொடுத்திருக்கிறார்கள், சவலைக்கும் சேர்த்து.

இதன் முட்டைகள் பிளீச்சுக்குச் சாகாது. தட்டையும் பெட்டியையும் தினம் கொதிக்கும் நீரில் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும், மலத்தைக் கழித்த அன்றே அள்ள வேண்டும். கார்த்திகை மழையில் வெயிலுக்கு எங்கே போவது. பெட்டியை எரித்துப் புதுப்பெட்டி. பிளீச்சு வேண்டியது வேறொன்றுக்கு: கொள்ளைநோயான பன்லூக்கோபீனியா வைரஸுக்கு. அதனால்தான் இரண்டும் வேறு பூனை நடமாடாத அறையில்.

டிசம்பர் 19

வரி 702, சவலை 566. முதல் தடுப்பூசி போட்டாயிற்று. 3, 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வார வயதுவரை தொடர வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி 12 வார வயதில். கை பிறாண்டினால் 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சவலை பீரோ மேல் ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் கத்துகிறது.