ஜீனோமிக்ஸ் படிக்கிறீர்களா? வைரஸில் ஆரம்பியுங்கள்

எம்.எஸ்சி. முடித்துவிட்டு சிஎஸ்ஐஆர் நெட் தேர்வுக்குத் தயாராகும் தம்பி தங்கைகள் பலர், ஜீனோமிக்ஸ் (ஓர் உயிரின் மொத்த மரபுத் தகவலை, அதாவது ஜீனோமைப் படிக்கும் துறை) பகுதியை எங்கே தொடங்குவது என்று கேட்கிறார்கள். மனித ஜீனோம் திட்டத்தில் தொடங்காதீர்கள், வைரஸில் தொடங்குங்கள் என்பதுதான் என் பதில். எனக்கு இந்தப் பாடம் பிடிபட்டதே அந்த வழியில்தான். துறையும் ஏறத்தாழ அப்படித்தான் வளர்ந்தது. 1977-இல் சாங்கர் குழு ஃபை எக்ஸ் 174 என்ற பாக்டீரியா வைரஸின் ஐயாயிரத்துச் சொச்சம் மரபு எழுத்துகளை (ஏ, சி, ஜி, டி) வரிசையாகப் படித்தது. அப்புறம் 1995-இல் ஒரு பாக்டீரியா, 2000-இல் அராபிடாப்சிஸ் செடி, 2001-இல் மனித ஜீனோமின் வரைவு.

முதல் வேலையாக என்சிபிஐ என்ற மரபுத் தரவுத் தளத்தில் கொரோனா வைரஸின் ஆதார வரிசையை (மற்ற மாதிரிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் வரிசை)த் திறந்து வையுங்கள். மொத்தம் 29,903 எழுத்துகள். ஸ்பைக் என்ற புரதத்துக்கான ஜீன் 21,563-இல் தொடங்கி 25,384-இல் முடிகிறது என்று போட்டிருக்கும். நீளம் 3,822. மூன்று எழுத்து சேர்ந்தது ஒரு கோடான், அது ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும்; மூன்றால் வகுத்தால் 1,274 கோடான்கள். கடைசிக் கோடான் நிறுத்தக் குறி, அதைக் கழித்தால் 1,273 அமினோ அமிலங்கள். சரி, இப்போது 614-ஆவது அமினோ அமிலம் எங்கே இருக்கிறது? 613-ஐ மூன்றால் பெருக்கித் தொடக்க எண்ணோடு கூட்டுங்கள்: 23,402. அந்தக் கோடானின் நடு எழுத்து 23,403. 2020-இல் உலகம் முழுக்கப் பரவிய டி614ஜி மாற்றம் இந்த ஒரே எழுத்தில் நடந்ததுதான். ஏ இருந்த இடத்தில் ஜி வந்தது; அஸ்பார்டிக் அமிலம் போய் கிளைசின் வந்தது. செய்தித்தாளில் படித்த ஒரு பெயரை நம் கையாலேயே கணக்குப் போட்டுப் பிடிக்கும்போது வரும் தெளிவு, பத்துப் பக்கம் குறிப்பு எடுத்தாலும் வராது.

அதே பக்கத்தில் ஓஆர்எஃப்1ஏபி ஜீனையும் பாருங்கள். 13,468 என்ற எண் இரண்டு முறை வரும். அச்சுப் பிழை என்று நினைக்க வேண்டாம். புரதம் கட்டும் ரைபோசோம் அந்த இடத்தில் ஓர் எழுத்து பின்னால் நகர்ந்து, சட்டகத்தை (எழுத்துகளை மும்மூன்றாகப் பிரிக்கும் விதத்தை) மாற்றிப் படிக்கிறது. பாடத்தில் 'ஃப்ரேம்ஷிஃப்ட்' என்று ஒரு வரியில் கடந்துபோவது இங்கே கண்ணெதிரே இருக்கிறது.

தாவரத்துக்கு வரும்போது சிக்கலின் தன்மையே மாறுகிறது. கோதுமையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஜீனோம் சுமார் 1,600 கோடி எழுத்துகள், மனிதனுடையதைப் போல ஐந்து மடங்கு. ஏ, பி, டி என்று மூன்று துணை ஜீனோம்கள், அதனால் பல ஜீன்கள் மும்மூன்று பிரதிகளாக இருக்கும். 80 சதவீதத்துக்கு மேல் திரும்பத் திரும்ப வரும் வரிசைகள். கருவி ஜீனோமைச் சிறு துண்டுகளாகத்தான் படித்துத் தரும்; 150 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு கையில் கிடைத்தால், அது எந்தப் பிரதியிலிருந்து வந்தது என்று எப்படிச் சொல்வது? நல்ல தரமான ஆதார ஜீனோம் 2018 வரை வராததற்குக் காரணம் இதுதான். ஆய்வகத்திலும் தாவரம் படுத்தும். இலையில் உள்ள பாலிஃபீனால்கள் டிஎன்ஏவைப் பழுப்பாக்கிவிடும், பாலிசாக்கரைடுகள் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கும் சிடிஏபி கரைசலில், பாலிஃபீனாலைப் பிடித்துக்கொள்ளும் பிவிபி ஏன் சேர்க்கிறார்கள் என்று கேட்டால் பாலிஃபீனால் ஞாபகத்துக்கு வர வேண்டும்.

விலங்குகளில் ஒரே ஓர் ஒப்பீட்டைப் பிடித்துக்கொண்டால் போதும்: ஃபுகு மீன். அதன் ஜீனோம் மனிதனுடையதில் எட்டில் ஒரு பங்குதான். ஆனால் ஜீன்களின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. சி-மதிப்பு முரணை (ஜீனோமின் அளவு உயிரின் சிக்கலோடு பொருந்தாமல் இருப்பதை) இதைவிட எளிதாக யாருக்கும் விளக்க முடியாது. மனித ஜீனோமும் 2003-இல் 'முடிந்தது' என்று அறிவிக்கப்பட்டாலும், சென்ட்ரோமியர் (குரோமோசோமின் இடுக்கான பகுதி) போன்ற இடங்களில் எஞ்சியிருந்த சுமார் 8 சதவீதம் 2022-இல்தான் நிரப்பப்பட்டது. கோதுமையில் பார்த்த அதே திரும்ப வரும் வரிசைகள்தான் இங்கேயும் தடை.

நெட் தேர்வின் சி பகுதியில் 75 கேள்விகளில் 25-க்கு விடை எழுதினால் போதும், ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண். தவறான விடைக்கு மதிப்பெண் கழியும். ஜீனோம் அளவுகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்வதால் அங்கே பெரிய பலன் இல்லை. என்50 போன்றவற்றைப் போட்டுப் பழகுங்கள்; கோத்த வரிசைகளைப் பெரியதிலிருந்து கூட்டிக்கொண்டு வரும்போது, மொத்த நீளத்தின் பாதியை எட்டவைக்கும் வரிசையின் நீளம்தான் என்50. காண்டிக்குகள் (சிறு துண்டுகளைக் கோத்துக் கிடைக்கும் நீள வரிசைகள்) 60, 50, 40, 30, 20, 20, 10, 10 கிலோபேஸ் (ஆயிரம் எழுத்து) என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 240, பாதி 120. பெரியதிலிருந்து கூட்டிக்கொண்டே வந்தால் மூன்றாவதில் 120-ஐத் தாண்டுகிறோம், ஆகவே என்50 நாற்பது. இப்போது கடைசி நான்கு சிறு துண்டுகளைத் தூக்கிப் போடுங்கள். மொத்தம் 180, பாதி 90, என்50 ஐம்பதாகிவிடுகிறது! வரிசை ஒரு துளிகூட மேம்படவில்லை, எண் மட்டும் ஏறிவிட்டது. கட்டுரைகளில் என்50-ஐப் பார்த்தவுடன், எவ்வளவு நீளத்துக்குக் குறைவான துண்டுகளை நீக்கினார்கள் என்றும் தேடுங்கள்.

நல்ல கணினி இல்லையே என்று தயங்க வேண்டாம். கேலக்ஸி என்ற இணையத்தளத்தில் இந்த வேலைகளைப் பிரவுசரிலேயே இலவசமாகச் செய்யலாம். வைரஸ் கைக்கு வந்ததும் நேரே கோதுமைக்குத் தாவாமல், அராபிடாப்சிஸின் குளோரோபிளாஸ்ட் ஜீனோமைக் குறுந்துண்டுகளிலிருந்து கோத்துப் பாருங்கள். 1,54,478 எழுத்துகள்தான், ஆனால் அதற்குள் ஒரே வரிசை தலைகீழாக இரண்டு முறை வருகிறது, ஒவ்வொன்றும் சுமார் 26,000 எழுத்து. மென்பொருள் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிடும். அந்தக் காண்டிக்கின் ஆழம் (ஒரே இடத்தை எத்தனை துண்டுகள் மூடுகின்றன என்ற எண்ணிக்கை) மட்டும் மற்றவற்றைவிட ஏறக்குறைய இரு மடங்கு காட்டும். அதை வைத்தே அது இரண்டு பிரதி என்று கண்டுபிடித்துவிடலாம்.