அறுபதாம் பக்கம்

பிப்ரவரி 27, 2024, செவ்வாய்

நாளுக்கு ஒரு பக்கமாக 366 பக்கம் பிரித்து 2011-இல் நான் தொடங்கிய குறிப்பேட்டில் ஆண்டு மாறினாலும் பக்கம் மாறுவதில்லை. பிறந்தநாள், நினைவுநாள், எங்கோ படித்த வரலாற்றுத் துணுக்கு, அன்று எனக்கு நேர்ந்தது என எல்லாமே அந்தந்தத் தேதிக்குரிய பக்கத்தில் ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே வருகின்றன. சில பக்கங்களில் இடம் தீர்ந்து, ஓரத்தில் துண்டுத்தாளும் ஒட்டியாகிவிட்டது. சந்திரசேகர ஆசாத் 1931-இலும், எழுத்தாளர் சுஜாதா 2008-இலும் மறைந்த நாள் இது என்பவை முன்பே எழுதப்பட்டிருப்பதால், இன்று சேர்க்க அதிகமில்லை. நாளை மறுநாளுக்குரிய அறுபதாம் பக்கத்தை மட்டும் எடுத்துப் பார்த்தேன். அதற்கு முன்னும் பின்னும் உள்ள தாள்கள் கைபட்டு, மைபட்டுப் பழுத்திருக்க, அது மட்டும் வாங்கிய அன்றைய வெண்மையோடு மூன்றே குறிப்புகளைத் தாங்கி நிற்கிறது: 2012, 2016, 2020.

பிப்ரவரி 28, புதன்

இந்தியாவில் இன்று தேசிய அறிவியல் நாள். 1928-இல் இதே தேதியில்தான் சி. வி. ராமன், கே. எஸ். கிருஷ்ணனுடன் கல்கத்தாவில் நடத்திவந்த ஆய்வில், ஒரு பொருளின் ஊடே சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி தன் அலைநீளத்தை மாற்றிக்கொள்கிறது என்பதை உறுதிசெய்தார். அதற்கான நோபல் பரிசு 1930-இல் ராமனுக்கு மட்டும் கிடைத்தது. இந்த நாளைக் கொண்டாடும் வழக்கம் 1987-இல் தொடங்கியது. ராமன் பிறந்த நவம்பர் 7-ஐ விட்டுவிட்டு, அவருடைய வேலை பலித்த நாளைத் தேர்ந்தெடுத்தவர்களைப் பாராட்ட வேண்டும். பிறப்பதில் யாருக்கும் சொந்தத் திறமை கிடையாது. வேதியியலுக்கும் அமைதிக்கும் தனித்தனியே, எவருடனும் பகிராமல் நோபல் பரிசு பெற்ற லைனஸ் பாலிங் பிறந்ததும் (1901) இன்றுதான்.

இந்தப் பக்கத்தில் நெரிசல் மிகுந்ததற்கு அடுத்த பக்கமும் ஒரு காரணம். அரிய நோய்கள் நாளை 2008-இல் முதன்முதலாக அனுசரித்தவர்கள், அரிய நோய்க்கு அரிய தேதியே பொருந்தும் என்று பிப்ரவரி 29-ஐத் தேர்ந்தெடுத்தனர். இரண்டாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவாக வருவதை அரிய நோய் என்று ஐரோப்பாவில் வரையறுக்கிறார்கள். ஆனால் நோயாளிகள் நான்கு ஆண்டு காத்திருக்க முடியாதல்லவா? ஆகவே மற்ற மூன்று ஆண்டுகளில் அந்த நாள் இந்த 28-இல் வந்து ஒண்டிக்கொள்கிறது.

பிப்ரவரி 29, வியாழன்

பூமி சூரியனைச் சுற்றிப் பருவங்கள் மீண்டும் பழைய இடத்துக்கு வர 365 நாள், 5 மணி, 48 நிமிடம், 45 விநாடி ஆகிறது. ஜூலியஸ் சீசர் இதை 365 நாளும் கால் நாளும் என்று எடுத்துக்கொண்டு, கி.மு. 45 முதல் நடைமுறைக்கு வந்த தம் நாட்காட்டியில் நான்கு ஆண்டுக்கு ஒரு நாளைச் சேர்த்தார். ஆண்டுக்குச் சுமார் 11 நிமிடம்தான் மிகை. ஆனால் அந்த மிகை 128 ஆண்டில் ஒரு முழு நாளாக ஏறிவிடுகிறது. 1582-இல் போப் பதின்மூன்றாம் கிரகோரி, அக்டோபர் 4-க்கு அடுத்த நாளை அக்டோபர் 15 என்று அறிவித்துப் பத்து நாளைக் கழித்ததோடு, நூற்றாண்டு முடிவுகளில் 400-ஆல் வகுபடுபவை மட்டுமே லீப் ஆண்டாகும் என்றும் விதித்தார். சூரியன் அடுத்த இராசிக்குள் நுழைவதைக் கொண்டு மாதம் பிறக்கும் தமிழ் நாட்காட்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் மாதங்களே தேவைக்கேற்ப 29 முதல் 32 நாள் வரை நீண்டு குறுகிக் கணக்கைச் சரிசெய்துகொள்கின்றன.

அந்த 400 விதியால் 1900-க்குப் பிப்ரவரி 29 இல்லை. 1896 பிப்ரவரி 29-இல் பிறந்த மொரார்ஜி தேசாய்க்குத் தம் பிறந்த தேதி மீண்டும் கண்ணில் பட்டது எட்டாவது வயதில், 1904-இல்தான். அதே 1904 பிப்ரவரி 29 அன்றுதான் மதுரையில் ருக்மிணி தேவி பிறந்தார். பின்னர் பிரதமரான மொரார்ஜி, 1977-இல் ருக்மிணி தேவியைக் குடியரசுத் தலைவராக்க விரும்பினார். கலாக்ஷேத்திராவை உருவாக்கிய அவரோ அதை ஏற்கவில்லை. இந்த இருவரின் தொடர்பு 2016-இல்தான் எனக்குத் தட்டுப்பட்டது. அறுபதாம் பக்கத்தில் நான் மிகவும் விரும்பும் குறிப்பு அதுவே.

1890-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் துளையிட்ட அட்டைகளைக் கொண்டு இயந்திரத்தால் எண்ணிக்காட்டிய ஹெர்மன் ஹொலரித் பிறந்ததும் ஒரு பிப்ரவரி 29 (1860). அவர் தொடங்கிய நிறுவனம் வேறு சிலவற்றோடு இணைந்துதான் பிற்பாடு ஐபிஎம் ஆயிற்று. கணினிகள் அவர் பிறந்தநாளில்தான் தடுக்கி விழுகின்றன என்பதை நினைத்துச் சிரித்துக்கொள்வேன். எக்செல் மென்பொருளில் இன்றும் 1900 பிப்ரவரி 29 என்றொரு நாள் உண்டு. முன்னோடியான லோட்டஸ் 1-2-3 செய்த பிழையோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்குப்படி மொரார்ஜிக்கு நாலு வயதிலும் ஒரு பிறந்தநாள் கிடைத்திருக்கும்.

சிரிப்பு என் அக்காவிடம் செல்லாது. 1968-இல் இதே நாளில் பிறந்த அவருக்கு இது பதினான்காவது பிறந்தநாள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காப்பீட்டு விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பும்போது, பிப்ரவரி என்று தேர்ந்தெடுத்ததும் தேதிப் பட்டியல் 28-உடன் நின்றுவிட்டது. மூன்று முறை தொலைபேசியில் அழைத்த பிறகு, “மார்ச் 1 என்று போட்டுக்கொள்ளுங்கள், மேடம்” என்று பதில் வந்தது. அந்த ஒரு தாளில் அவர் ஒரு நாள் பிந்திப் பிறந்தவராகவே இருக்கிறார். இன்று காலை நான் அழைத்தபோது, “மற்ற வருஷமெல்லாம் பாதிப் பேர் முந்தின நாள் கூப்பிடுகிறார்கள், பாதிப் பேர் அடுத்த நாள் கூப்பிடுகிறார்கள்; இன்றைக்கு ஒருவர் விடாமல் கூப்பிட்டு மூச்சுவிட முடியவில்லை, நீ ராத்திரி பேசு” என்று வைத்துவிட்டார். இரவு பேசினேன். விண்ணப்பக் கதையை மறுபடியும், முதல் தடவை சொல்வதுபோலவே சொன்னார்.

மார்ச் 1, வெள்ளி

ஸ்வீடனில் 1712-இல் பிப்ரவரிக்கு 30 நாள். கிரகோரியின் முறைக்குச் சிறிது சிறிதாக மாறுவதென்று 1700-இன் லீப் நாளை விட்டவர்கள், போர் மூண்டதில் 1704, 1708 இரண்டிலும் விட மறந்து, எந்த நாட்டோடும் சேராத தேதியில் மாட்டிக்கொண்டு, கடைசியில் பழைய முறைக்கே திரும்ப ஒரு நாளைக் கூட்டினார்கள். இதை எழுத என் குறிப்பேட்டில் பக்கமே கிடையாது என்பதால், நேற்றைய பக்கத்தின் அடியில் கோடு கிழித்துச் சேர்த்தேன். அதன் பிறகும் பாதிப் பக்கம் வெள்ளையாகத்தான் இருக்கிறது. அடுத்தது 2028-இல், செவ்வாய்க்கிழமை.