ஊதாச் செம்பருத்தி: தமிழில் எழுதிப் பார்க்கிறேன்

ஜனவரியில் ஆரம்பித்தேன். நைஜீரிய எழுத்தாளர் சிமமாண்டா என்கோசி அடிச்சியின் முதல் நாவல், 2003-இல் வந்த 'பர்பிள் ஹைபிஸ்கஸ்'. அதை தினமும் அரைப் பக்கம் தமிழில் எழுதிப் பார்ப்பது என்று திட்டம். அச்சுக்கு இல்லை, எனக்காக மட்டும். இரண்டு குயர் நோட்டு ஒன்று வாங்கி வைத்துக்கொண்டேன். ஏற்கெனவே இரண்டு தடவை படித்த புத்தகம்தான். ஆனால் படிக்கும்போது கதை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. எழுதினால் ஒவ்வொரு சொல்லிலும் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

தலைப்பிலேயே முதல் முட்டு. ஹைபிஸ்கஸ் நமக்குச் செம்பருத்தி. 'செம்' என்பதே சிவப்பு. ஊதாச் செம்பருத்தி என்று எழுதினால் சொல் தனக்குள்ளேயே மோதிக்கொள்கிறது. ஆனால் நர்சரியில் போய்க் கேளுங்கள், மஞ்சள் செம்பருத்தி, வெள்ளைச் செம்பருத்தி என்று சாதாரணமாக எடுத்துக் கொடுப்பார்கள். சரி, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கதைக்கும் அந்த மோதல் பொருந்துகிறது. எனுகு நகரில், கதை சொல்லும் பெண் கம்பிலியின் வீட்டுத் தோட்டத்தில் பூப்பது சிவப்பு. ஊதா இருப்பது பல்கலைக்கழக ஊரான என்சுக்காவில், அத்தை வீட்டில். அத்தையின் தோழியான ஒரு தாவரவியல் விரிவுரையாளர் சோதனை செய்து உண்டாக்கிய ரகம் அது. அண்ணன் ஜாஜா அதன் குச்சிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து அப்பாவின் வீட்டில் நடுகிறான்.

முதல் வாக்கியத்துக்கு ஐந்து நாள் ஆயிற்று. குருத்து ஞாயிறு. ஜாஜா, பூசையில் கொடுக்கும் அப்பமான நற்கருணையை வாங்கப் போகவில்லை. அப்பா கனமான பூசைப் புத்தகத்தைத் தூக்கி வீச, அலமாரியில் இருந்த பொம்மைகள் உடைகின்றன. இவ்வளவும் ஒரே வாக்கியம். நான் 'திருவிருந்தில் கலந்துகொள்ளவில்லை' என்று எழுதியிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா கத்தோலிக்கர். பார்த்துவிட்டு, "இது சி.எஸ்.ஐ. கோயில்ல சொல்றதுப்பா. நாங்க நன்மை வாங்குறதுன்னுதான் சொல்வோம்" என்றார். 'ஜாஜா நன்மை வாங்கப் போகவில்லை' என்று மாற்றியதும் வாக்கியம் ஒரு வீட்டுக்குள் வந்துவிட்டது. அலமாரியை முதலில் 'ஷோகேஸ்' என்று போட்டேன். ஷோகேஸ் என்றால் கண்ணாடிக் கதவு இருக்குமே, அப்படியானால் முதலில் உடைய வேண்டியது கண்ணாடிதானே? அதனால் கதவில்லாத தட்டு அலமாரி. நடனமாடும் பெண் பொம்மைகள் அவை. அடி வாங்கிய பிறகெல்லாம் அம்மா அந்தப் பொம்மைகளைத்தான் துடைத்துக்கொண்டிருப்பாள். அதனால் அந்த ஒரு சொல்லுக்கு இவ்வளவு மெனக்கெட்டது வீண் இல்லை.

இன்னொன்று. அந்த வாக்கியத்தின் ஆரம்பத்தில் இன்னொரு நைஜீரிய எழுத்தாளரான சினுவா அச்செபேயின் 1958 நாவலின் தலைப்பு, 'திங்ஸ் ஃபால் அபார்ட்', ஒளிந்திருக்கிறது. என்சுக்கா பல்கலைக்கழக வளாகத்தில் அச்செபே ஒரு காலத்தில் இருந்த வீட்டில்தான் அடிச்சி வளர்ந்தார். அச்செபேயின் நாவல் தமிழில் 'சிதைவுகள்' என்று வந்திருக்கிறது. ஆகவே 'நொறுங்க' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, 'எங்கள் வீட்டில் எல்லாம் சிதைய ஆரம்பித்தது' என்று எழுதினேன். தெரிந்தவர்களுக்குக் காதில் விழும்.

உறவுச் சொற்கள்தான் இந்த வேலையிலேயே எனக்குப் பிடித்த பகுதி. அம்மா மகளை 'ன்னே' என்று கூப்பிடுகிறாள். அவர்களுடைய தாய்மொழியான இக்போவில் அதற்கு அம்மா என்று பொருள். ஆங்கில வாசகருக்கு அது ஒரு வெளியூர்ச் சொல். நமக்கு? 'வாம்மா', 'போம்மா, டிரெஸ் மாத்திக்கோ' என்று மகளிடம் பேசாத வீடு உண்டா? ஆங்கிலத்தைத் தாண்டி நேராக இக்போவிலிருந்து தமிழுக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. ஆனால் அப்பாவை அவர்கள் கூப்பிடும் 'பாப்பா'வை அப்படியே எழுத முடியாது, குழந்தை ஆகிவிடும். 'பாப்பா-ன்னுக்வு' இன்னும் சிக்கல். ன்னுக்வு என்றால் பெரிய. சொல்லுக்குச் சொல் போனால் பெரியப்பா. அவரோ அப்பாவைப் பெற்றவர். தாத்தா என்றே எழுதினேன்.

தீராமல் நிற்பது 'ன்வுன்யே ம்'. அத்தை இஃபெயோமா தன் சகோதரனின் மனைவியை இப்படி அழைக்கிறாள். 'என் மனைவியே' என்று அர்த்தம். நம்மூர் நாத்தனார் அண்ணி என்பாள், மதினி என்பாள். அதில் அன்பு இருக்கிறது, ஆனால் அந்த உரிமை இல்லை. ஆண் மட்டும் அல்ல, குடும்பமே சேர்ந்து ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்கிறது என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. அப்பா அதைக் கடவுளுக்கு ஆகாத பழைய வழக்கத்தின் மிச்சம் என்கிறார். அம்மாவோ, மகளும் தானும் தனியாக இருக்கும் அறையிலும் குரலைத் தாழ்த்தி, அவள் என்னை ஏற்றுக்கொள்கிறாள் என்பதற்கு அடையாளம் அது என்கிறாள். 'ன்வுன்யே ம்' என்றே விட்டுவிட்டு, அடுத்த வரியில் அம்மாவே விளக்கட்டும் என்று முடிவு செய்தேன். மூலத்திலும் அப்படித்தான்.

பிப்ரவரி முழுக்க அப்பாவின் பேச்சிலேயே போயிற்று. யூஜின் பெரிய தொழிலதிபர், பத்திரிகை நடத்துபவர், ராணுவ ஆட்சியை எதிர்க்கும் துணிச்சல்காரர், ஊருக்கே அள்ளிக் கொடுப்பவர். வீட்டுக்குள் பெல்ட்டை எடுப்பவரும் அவரே. இந்த மனிதர் இக்போ பேசுவது அபூர்வம். வெளியில் பிள்ளைகள் ஆங்கிலம்தான் பேச வேண்டும், அதுதான் நாகரிகம் என்பது அவர் கட்டளை. ஆங்கில நாவலில் 'இக்போவில் சொன்னார்' என்று ஒரு குறிப்பு போதும். தமிழில் இரண்டும் தமிழாகிவிடுமே? பல வழிகள் பார்த்துவிட்டு, அவர் ஆங்கிலத்தில் பேசுவதை எழுத்துத் தமிழிலும் இக்போவில் பேசுவதைப் பேச்சுத் தமிழிலும் எழுதினேன். மாதவிடாய் வலிக்கு மாத்திரை போடுவதற்காகக் கம்பிலி, பூசைக்கு முன் இருக்க வேண்டிய விரதத்தை மீறிக் கொஞ்சம் சாப்பிட்டுவிடும் காட்சியில், அவர் வாயிலிருந்து இக்போ வெடித்து வருகிறது. 'சாத்தான் உங்களை ஏவினானா' என்று முதலில் எழுதியிருந்தது பிரசங்கம் மாதிரி இருந்தது. 'சாத்தான் ஏவி விட்டானா உங்கள எல்லாம்?' என்று மாற்றிச் சத்தமாக வாசித்தேன். ஒரு நிஜமான அப்பா அறை வாசலில் நின்றார். மகள், மகன், மனைவி மூவருக்கும் அடி விழுகிறது. அடுத்த நிமிடமே பிள்ளைகளைக் கட்டிப் பிடித்து, வலித்ததா என்று கேட்கிறார். அந்தப் பக்கத்துக்குப் பிறகு இரண்டு நாள் நோட்டைத் திறக்கவில்லை.

பெயர்களைத் தொடவே இல்லை. கம்பிலி என்றால் 'நான் வாழட்டும்' என்று பொருள். அத்தை மகள் அமாகா, உறுதிப்பூசுதல் என்ற கத்தோலிக்கச் சடங்குக்கு ஆங்கிலப் பெயர் வைத்துக்கொள்ள மறுத்து வாதாடும் இடம் பின்னால் வருகிறது. சியாமாகா என்றால் கடவுள் அழகானவர், சீமா என்றால் நல்லது எதுவென்று கடவுளுக்குத் தெரியும். 'பீட்டர்', 'பால்' என்ற பெயர்கள் கடவுளைப் போற்றும் அளவுக்கு இவையும் போற்றாதா என்கிறாள். அந்தப் பக்கத்துக்காகக் காத்திருக்கிறேன்.

தேநீர்க் காட்சியை நான்கு தடவை எழுதினேன். அப்பா தன் கோப்பையிலிருந்து பிள்ளைகளுக்கு ஒரு வாய் கொடுப்பார், அன்பைப் பகிர்ந்துகொள்ள. சுடச்சுட இருக்கும், நாக்கு வெந்துபோகும். அந்தச் சூட்டோடு அன்பும் தனக்குள் இறங்குவதாகக் கம்பிலி நம்புகிறாள். 'அன்பு மிடறு' என்றால் கவிதைத் தலைப்பு மாதிரி இருந்தது. இப்போது 'பாச மடக்கு' என்று நிற்கிறது.

இன்றைக்கு நோட்டில் 46-ஆம் பக்கம். இடையில் நிறைய விட்டுவிட்டுத் தாத்தா சொல்லும் ஆமைக் கதைக்குத் தாவியிருக்கிறேன். பஞ்ச காலம். நாய் தன் அம்மாவை வானத்தில் ஒளித்து வைத்திருக்கிறது. பசித்தால் கீழே நின்று பாடும், அம்மா கயிறு விடுவாள். கேட்கும் பிள்ளைகள் ஒவ்வொரு அடிக்கும் 'ன்ஜெமான்ஸே!' என்று பின்பாட்டுப் பாட வேண்டும். அந்தச் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு, முன்னால் வரும் அடியை மட்டும் அளவு பார்த்துத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். நேற்று ராத்திரி மேஜையில் தாளம் போட்டுப் பார்த்ததில் 'அம்மா அம்மா கயிற விடு' சரியாக உட்கார்ந்தது.