ஹோல்டெம் ஆட உட்காரும் முன்
டெக்சஸ் ஹோல்டெம் என்ற போக்கர் சீட்டாட்டத்தில் ஆளுக்கு 2 சீட்டு. நடுவில் முதலில் விரிப்பது 3 (ஃப்ளாப்), பிறகு 1 (டர்ன்), கடைசியாக 1 (ரிவர்). ஏழில் சிறந்த ஐந்துதான் உங்கள் கை.

புதியவர்கள் தடுமாறுவது செக், கால் இரண்டில்தான். யாரும் பெட் (பந்தயம்) கட்டாதவரை செக் (எதுவும் கட்டாமல் முறையைக் கடத்துவது) சொல்லலாம். கட்டிவிட்டால் கால் (அதே அளவு கட்டுவது), ரெய்ஸ் (அதைவிட ஏற்றிக் கட்டுவது), ஃபோல்டு (சீட்டைப் போட்டு விலகுவது) மூன்றில் ஒன்று. "கால்... இல்ல, ரெய்ஸ்" என்று இழுத்தால் செல்லாது, முதலில் சொன்னதே கணக்கு. ஒன்றும் சொல்லாமல் சிப்ஸை இரண்டு தவணையாகத் தள்ளினாலும் அதே கதி. அதுதான் ஸ்ட்ரிங் பெட்.

அவுட்ஸ் என்றால் உங்கள் கையைத் தேற்றக்கூடிய மிச்சச் சீட்டுகள். உங்கள் இரண்டையும் ஃப்ளாப்பையும் சேர்த்து நாலு ஆட்டின் வந்துவிட்டதா? ஐந்தாவதும் வந்தால் ஃப்ளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு). ஆட்டினில் மிச்சம் 9, அதுதான் உங்கள் அவுட்ஸ். இன்னும் இரண்டு சீட்டு வரவேண்டும் என்றால் 4ஆல் பெருக்குங்கள்: ஃப்ளஷ் சேர வாய்ப்பு 36 சதவீதம் (துல்லியமாக 35). ஒன்றுதான் என்றால் 2ஆல். நடுவில் ஜோடி விழுந்திருந்தால் அந்த ஒன்பதையும் முழுசாக நம்பாதீர்கள். எதிராளி கையில் ஃப்ளஷை வெல்லும் ஃபுல் ஹவுஸ் (ஒரே எண்ணில் மூன்று, இன்னொரு எண்ணில் இரண்டு) இருக்கலாம்.